யுஹானிக்கு வந்த மெழுகுதிரிகள்

15 டிசம்பர் 1973, சனி

விடியலிலிருந்து மழை. குடைக்கம்பி ஒன்று முறிந்தது. பேக்கரியில் பாண் கியூவில் ஒரு மணி நேரம், கிடைத்தது அரை இறாத்தல். மண்ணெண்ணெய் இல்லை.

கந்தோரில் தந்தி. பின்லாந்துக் கப்பல் ஒன்று 20ஆம் திகதி உட்துறைமுகத்துக்கு வருகிறது, தேயிலை ஏற்ற. கப்பல் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருஷம் கிளாக்கர் வேலை, இப்படி எத்தனை தந்தி பார்த்தாயிற்று. கடைசி வரியைத்தான் இரண்டு தரம் வாசித்தேன். கப்பலின் சமையற்காரி ஐனோ, திருமலையில் அடக்கம் செய்யப்பட்ட மாலுமி யுஹானியின் தங்கையாம். 24ஆம் திகதி பின்னேரம் அண்ணனின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்ற வேண்டுமாம். ஒழுங்கு செய்யவும்.

மனேச்சர் சிரித்துக்கொண்டே தந்தார். "உமக்குப் பழகின வேலைதானே. வருசா வருசம் நீர்தானே போய்க் கொளுத்துறனீர்?"

"ஓம் சேர்."

நாக்கு எவ்வளவு சுலபமாய்ப் புரள்கிறது. கொளுத்துவதும் இல்லை, கொளுத்தக் கல்லறையும் இல்லை.

16 டிச., ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலையிடி என்று தங்கத்திடம் சொன்னேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனாள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தலையிடி எது, சாட்டு எது என்று தெரியாதா?

எழுதி வைக்கிறேன், மனம் கொஞ்சம் ஆறும்.

யுஹானி செத்தது 1961இல். கப்பற் கிடங்குக்குள் விழுந்து. இருபத்தாறு வயது, ஆறடிக்கு மேல் ஆள். கடலோரச் சவக்காலையில் அடக்கம். கப்பல் தச்சன் வெள்ளை மரத்தில் சிலுவை செய்து நட்டான். பத்திரங்களை எழுதினவன் நான் என்பதால் தாய்க்காரியின் கடிதம் என் பெயருக்கு வந்தது. நத்தாருக்கு முந்தின நாள், இருட்டும் நேரம், செத்தவர்களின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவது அவர்கள் வழக்கம். ஊரே போகுமாம். தன் மகனுக்கு ஒருவரும் இல்லை, நீங்கள் ஏற்றுவீர்களா என்று கேட்டிருந்தா. கூடவே தகர டப்பாவில் ஒரு மெழுகுதிரி, கைமணிக்கட்டுத் தடிப்பு. இரவு முழுக்க எரியும்.

நாங்கள் கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றுகிற சபை இல்லை. என்றாலும் ஏற்றினேன். மூன்று வருஷம் ஒழுங்காக.

பிறகு புயல். கடல் சவக்காலைக்குள் ஏறி மரச்சிலுவை அத்தனையையும் கொண்டுபோனது. அந்த மூலை மட்டமான மணல். தாய்க்காரி பதறி எழுதினா, மகனின் இடத்துக்கு ஏதும் நடந்ததா என்று. ஒன்றும் ஆகவில்லை, மெழுகுதிரி விடியும்வரை எரிந்தது என்று பதில் போட்டேன். ஏலாத மனுசி, ஏன் நோகடிக்கவேணும் என்றுதான். அதுக்குப் பிறகு நிற்பாட்ட முடியவில்லை.

எழுதியவை, ஞாபகம் உள்ளவரை:
- லேசான தூறல், ஆனாலும் அணையவில்லை.
- காற்றே இல்லை.
- பக்கத்தில் ஒரு பூனை வந்து இருந்தது. (பூனை! எங்கிருந்து பிடித்தேனோ.)
- காற்றே இல்லை.

ஒன்பது வருஷம், தாய்க்காரி அனுப்பிய ஒன்பது மெழுகுதிரி. எல்லாம் கரண்ட் போன நேரங்களில் எங்கள் வீட்டில் எரிந்தவை. ஒன்று, மகள் ரூபிக்குக் காய்ச்சல் வந்த அன்று கட்டிலடியில் எரிந்தது. அது எரிந்து முடியுமுன் பிள்ளை முடிந்துபோனாள். பதினொரு மாதம். அதே சவக்காலையில்தான் அடக்கம். அன்றைக்குத் தங்கம் சொன்னது இவ்வளவுதான்: "செத்தவனுக்கு வந்ததை எரிச்சம்." அதற்குப் பிறகு அந்தக் கதையும் இல்லை, சவக்காலைப் பக்கம் போனதும் இல்லை. ஏழு வருஷம். நானும் போகவில்லை.

17 டிச., திங்கள்

மழை விட்டுவிட்டு. மதியச் சாப்பாட்டு நேரம் சவக்காலைக்குப் போனேன். படலையடியில் இரண்டு தரம் சைக்கிளைத் திருப்பினேன். காவற்காரன் அந்தோனி கொட்டிலில் சுருட்டோடு இருந்தான்.

எனக்கிருந்த வழிகள்:
1. மனேச்சரிடம் உண்மையைச் சொல்வது. வேலை அம்போ. இந்த மெழுகுதிரிக்காக ஏஜென்சிக்கு எத்தனை நன்றிக் கடிதம் வந்திருக்கிறது.
2. சுகமில்லை என்று லீவு. மனேச்சரே கூட்டிக்கொண்டு வருவார், அந்தோனி வெறும் மணலைக் காட்டுவான்.
3. வேறு ஒரு கல்லறை.

அந்தோனி மூன்றாவதைத்தான் சொன்னான். "ஏதாவது ஒரு மேட்டைக் காட்டுங்கோ ஐயா. வெள்ளைக்காரிக்கு என்ன தெரியப்போகுது?"

"உரித்துக்காரர் வந்தால்?"

"அதுதான் யோசினை. நத்தார் கிட்டுது. சனம் எல்லாம் வந்து புல்லுப் பிடுங்கும், சுண்ணாம்பு அடிக்கும்." சுருட்டைத் தட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆள் வராத மேடு ஒண்டுதான் இருக்குது."

எது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது சைக்கிள் செயின் கழன்றது, கை முழுக்கக் கிறீஸ்.

18 டிச., செவ்வாய்

மாட்டேன் என்று காலையில் முடிவு. பின்னேரம் தச்சனிடம் சிலுவைக்குச் சொல்லிவிட்டேன். என்ன மனுசன் நான்.

19 டிச., புதன்

தச்சன் வெள்ளை மை இரண்டு தரம் பூசியிருந்தான். பெயரை நானே எழுதினேன். இங்கிலீசில் ஆறெழுத்து: யுஹானி.

ரூபியின் மேடு மூன்றடிகூட இல்லை. சுற்றிவர வெள்ளைச் சிப்பி, தங்கம் தன் கையால் குத்தினது, ஒன்றுகூட விழவில்லை. அந்தோனி கடற்கரை மண் அள்ளி வந்து கொட்டினான். ஆறடிக்கு நீட்டிச் சிப்பிகளையும் மூடினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு கூடை தூக்கவில்லை.

இல்லை. இரண்டு கூடை தூக்கினேன். இந்தக் கொப்பியிலாவது பொய் வேண்டாம்.

சிலுவையை நட்டதும் அந்தோனி தொப்பியைக் கழற்றினான். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். வீட்டில் தங்கம், "சேட்டில என்ன மண்?" என்றாள். சைக்கிளால் விழுந்தேன் என்றேன்.

20 டிச., வியாழன்

கப்பல் 8.10க்கு வந்தது. கறுத்த உடம்பு, வெள்ளை மேற்கட்டு. கப்பலடிக்கு லோஞ்ச் படகில் ஹனீபா நானாவோடு போனேன். கிண்ணியாக்காரர், லோஞ்ச் ஓட்டுகிறவர், வாய் ஓயாது.

ஐனோ ஏணித்தலையில் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய கை, மாவு படிந்த ஏப்ரன். என் இங்கிலீசு போலத்தான் அவளுடையதும், தட்டுத்தடுமாறி. என் கையை இரண்டு கையாலும் பிடித்து விடவே இல்லை. "நீங்கள்தானா" என்று மூன்று தரம்.

தாய் பங்குனியில் செத்துப்போனாவாம். என் கடிதங்கள் அத்தனையையும் கட்டி வைத்திருந்தாவாம். நத்தார்க் காலத்தில் மேசையைச் சுற்றி இருந்து ஒரு கடிதத்தை உரத்து வாசித்த பிறகுதான் சாப்பாடாம். பூனை வந்த கடிதம் எல்லோருக்கும் விருப்பமாம்.

கடதாசிகளில் கையெழுத்து வாங்கினேன். இரண்டு இடத்தில் பிழையான கோட்டில் வாங்கிவிட்டேன்.

22 டிச., சனி

மழை. தேயிலைப் பெட்டி ஏற்றம் நிற்பாட்டம். தார்ப்பாயை மூடுவதும் திறப்பதும்.

கப்பலுக்குச் சாமான், ஐனோ தந்த பட்டியல்:
அரிசி 10 இறாத்தல் (அரசாங்கக் கச்சேரியில் பெர்மிட்டுக்கு இரண்டு மணி நேரம் தவம்)
பால்
கறுவாப்பட்டை
வாதாம் பருப்பு, ஒன்றே ஒன்று
வைக்கல், ஒரு கட்டு

வாதாம் திருமலை முழுக்கத் தேடியும் இல்லை. பதிலுக்கு முந்திரி, ஒரு கஜுக்கொட்டை வாங்கினேன். கடைக்காரன் ஒன்றா என்று முழுசினான், காசு வாங்கவில்லை. அரிசியைப் பாலில் கஞ்சியாய்க் காய்ச்சி அதற்குள் ஒரு பருப்பைப் போடுவார்களாம். யாருடைய கோப்பைக்கு அது வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் அதிஷ்டம். வைக்கல் எதற்கென்றால், முந்தின காலத்தில் நத்தார் இரவு வீட்டார் கட்டிலை விட்டுவிட்டு நிலத்தில் வைக்கலில் படுப்பார்களாம். கட்டில் செத்தவர்களுக்கு. மேசையில் சாப்பாட்டையும் எடுக்க மாட்டார்களாம், அவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்று. இப்போது ஒருவரும் செய்வதில்லை, தான் மட்டும் காபினில் ஒரு கைப்பிடி போடுவேன் என்றாள்.

கப்பலுக்குள் ஒரு மர அறை. கல்லைச் சுடவைத்துத் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்த்துக் குளித்துவிட்டுத்தான் நத்தாராம். ஹனீபா நானா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்: "யா அல்லா, காசு குடுத்து வேர்க்குறானுவளே! விசரா கிளாக்கர் இவனுவளுக்கு?" எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த உடனே வெட்கமாய்ப் போனது.

23 டிச., ஞாயிறு

கோயிலில் கரோல். தங்கம் பாடவில்லை, நானும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள், "என்னப்பா உங்களுக்கு? ஒரு கிழமையா ஆள் ஆளா இல்லை."

"கப்பல் வேலை."

"கப்பல் வேலை உங்களுக்கு நேற்றோ தொடங்கினது?"

குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். கேக்குக்குச் சீனி போதாது. அரைக் கேக்.

24 டிச., திங்கள்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

காலை 9. கப்பலில் கஞ்சி. கிளாக்கரும் இருக்க வேண்டும் என்று கப்டன் பிடித்து இருத்தினார். ஹனீபா நானாவுக்கும் ஒரு கோப்பை. மூன்றாம் கரண்டியில் பல்லில் கடிபட்டது, கஜு. விழுங்கிவிடத்தான் பார்த்தேன். நானா கண்டுவிட்டார். "கிளாக்கருக்குத்தான்! கிளாக்கருக்குத்தான்!" எல்லோரும் கைதட்டினார்கள். ஐனோ எழுந்து வந்து என் தோளில் தட்டினாள். அதிஷ்டக்காரனாம்.

பி.ப. 3.30. அவர்கள் ஊரில் மதியம் பன்னிரண்டு. அந்த நேரம் அங்கே ஒரு பழைய பட்டினத்தில் நத்தார்ச் சமாதானம் கூறுவார்களாம். கப்டன் தொப்பி போட்டுத் தளத்தில் நின்று அதை ஒரு கடதாசியிலிருந்து வாசித்தார். மழைத் தூறல். மாலுமிகள் வரிசையாய். எனக்கு விளங்க ஐனோ மெல்லச் சொன்னாள்: எல்லோரும் சமாதானமாய் இருக்க வேண்டும், இந்த நாட்களில் பிழை செய்கிறவனுக்குத் தண்டனை அதிகம். கேட்டுக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய.

5 மணிக்குச் சவக்காலை. மழை விட்டிருந்தது, மேகம் கறுப்பு. அந்தோனி படலையைத் திறந்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய் மறைந்தான். ஐனோ சிலுவையைக் கண்டதும் நின்றாள். பூசின மை புதிதல்லவா. வருஷா வருஷம் பூசுவேன் என்றேன். இன்னும் ஒன்று. வாயே, மூடிக்கொண்டிருக்க மாட்டாயா!

மெழுகுதிரியை மேலே வைக்கட்டும் என்று நினைத்திருந்தேன். அவள் வைக்கவில்லை. முழங்காலில் இருந்தாள். "எங்கள் ஊரில் பனியில் கையால் ஒரு குழி கிண்டுவோம். அதற்குள் வைத்தால் காற்றுப் படாது. சுற்றியிருக்கும் பனியும் வெளிச்சமாகும்" என்றாள். மேட்டின் நடுவில் மணலைக் கிண்டத் தொடங்கினாள்.

நடுவில்தான் ரூபியின் கால்மாடு.

ஒரு சிப்பி. அவள் அதன்மேல் இருந்த மண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கையை வரிசையோடு கொண்டுபோனாள். மூலையில் சிப்பி திரும்பியது. அங்கே கை நின்றது. மேட்டை ஒரு தரம் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நெடுநேரம் சிப்பிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு குழியை ஆழமாக்கி மெழுகுதிரியை வைத்தாள். பெட்டியிலிருந்த குச்சி ஈரம், மூன்றாவதுதான் பிடித்தது. தங்கள் பாஷையில் ஒரு பாட்டு, குரல் கட்டையாய், இரண்டு அடி.

அந்த வெளிச்சம் சிப்பியில் பட்டது. நான் அழுதுவிட்டேன். சத்தமாக, சின்னப்பிள்ளை மாதிரி. ஏழு வருஷத்தில் முதல் தரம். பிள்ளையை அடக்கிய அன்றுகூட அழவில்லை, ஆம்பிளை என்று நிமிர்ந்து நின்றவன். ஐனோ எழும்பி என் முதுகில் கை வைத்தாள். ஒரு கேள்வி இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஆண்டவர் அறிய.

25 டிச., செவ்வாய்

நத்தார். கோயில். ஆட்டிறைச்சி அரை இறாத்தல். தங்கத்தின் தமையன் சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவந்தான். சிரித்துக் கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று ஞாபகமில்லை.

ஐனோவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஏன் பேசாமல் நின்றாள்?

26 டிச., புதன்

வெயில். ஏற்றம் முழுவேகம். கப்பலுக்குப் போகவேண்டிய கடதாசியை ஹனீபா நானாவிடம் கொடுத்துவிட்டேன். கோழை.

27 டிச., வியாழன்

இன்று போகத்தான் வேண்டும், கிளியரன்ஸ் பத்திரம். 10 மணிக்கு எல்லாம் முடிந்தது. ஏணித்தலையில் ஐனோ காத்துக்கொண்டு நின்றாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"உங்கள் பிள்ளையா?"

"ஓம்."

"எத்தனை வயது?"

"பதினொரு மாதம். ரூபி."

"யுஹானி எங்கே?"

"தெரியாது. அந்த மூலையில் எங்கேயோ. புயலுக்குக் கடல் வந்தது. ஒன்பது வருஷம் ஏற்றவில்லை. எழுதினது எல்லாம் பொய்."

அவள் முகம் சிவந்தது. அறைவாள் என்றுதான் நினைத்தேன், அறைந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். "காற்று இல்லை என்று நீங்கள் எழுதினதைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா நித்திரைக்குப் போவா" என்றாள்.

பிறகு சொன்னாள். அவர்கள் ஊர்ச் சவக்காலையில் ஒரு கல் இருக்கிறதாம், வேறு எங்கோ அடக்கப்பட்டவர்களுக்காக. தூரத்தில் கிடக்கிறவர்களின் வீட்டார் அந்தக் கல்லடியில் ஏற்றுவார்களாம். அம்மா இங்கே ஒன்று அனுப்பிவிட்டு அங்கேயும் ஒன்று ஏற்றுவாவாம், ஒவ்வொரு வருஷமும். "ஆகவே அவன் ஒரு வருஷமும் இருட்டில் கிடக்கவில்லை. உங்கள் மகள்தான் கிடந்திருக்கிறாள்."

குசினிக்குள் போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். இரண்டு மெழுகுதிரி.

"அடுத்த நத்தாருக்கு. ஒன்று மகளுக்கு. மற்றதை அந்த மூலையில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள்."

எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஏற்றிவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "எழுத வேண்டாம்."

கை கொடுக்காமல் உள்ளே போனாள். 2.40க்குக் கப்பல் புறப்பட்டது. லோஞ்சில் ஹனீபா நானா, "ஏன் கிளாக்கர், மொகம் செத்துக் கெடக்குது? கஜு கெடச்ச ஆளெல்லே நீங்க?" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

28 டிச., வெள்ளி

மழை திரும்பவும். கந்தோருக்கு லீவு சொல்லியனுப்பினேன்.

காலையில் தேத்தண்ணி குடிக்கையில் தங்கத்திடம் சொன்னேன், தொடக்கத்திலிருந்து. கடிதங்களைப் பற்றிச் சொன்னபோது குடித்துக்கொண்டே கேட்டாள். சிலுவையைப் பற்றிச் சொன்னதும் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள்.

"என்ர பிள்ளையின்ர தலைமாட்டில வேற ஆளின்ர பேரை நட்டனீங்களோ?"

"ஓம்."

"மண்ணள்ளிப் போட்டனீங்களோ அவளுக்கு மேல?"

"இரண்டு கூடை. மிச்சம் அந்தோனி."

"எண்ணி வேற வச்சிருக்கிறார்! சீ! நீங்களெல்லாம் ஒரு தகப்பனோ?" அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் றேடியோவை நிற்பாட்டினார்கள். கதிரையில் இருந்து அழுதாள். கிட்டப் போனேன், தள்ளிவிட்டாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எழும்புங்கோ, போவம்" என்றாள்.

குடைக்குள் இரண்டு பேரும் நடந்தோம். சவக்காலையில் நான் சிலுவையைப் பிடுங்கினேன், கடல் பக்க மூலையில் கொண்டுபோய் நட்டேன். அந்த இடமாயிருக்கும், இல்லாவிட்டால் பக்கமாயிருக்கும். தங்கம் மழைக்குள் குந்தியிருந்து மண்ணைக் கையால் அள்ளினாள். உதவி செய்ய விடவில்லை. அந்தோனி மண்வெட்டி கொண்டுவந்தான், அவனையும் விடவில்லை. ஒரு மணி நேரம். சிப்பி எல்லாம் தெரிந்தது. ஐனோவின் மெழுகுதிரி உருகிக் கல்லாய்க் கிடந்தது, அதை மட்டும் அவள் எடுக்கவில்லை.

"இவ்வளவு சின்னனோ" என்றாள். மேட்டைத்தான் சொன்னாள். "நான் பெரிசா நினைச்சிருந்தனான்."

வீட்டுக்கு வர நனைந்து தெப்பம். பொட்டலத்தைக் கொடுத்தேன், ஒன்று யாருக்கு, மற்றது யாருக்கு என்று சொன்னேன். அலுமாரியில் பிள்ளையின் சட்டை கிடக்கிற தட்டில் வைத்துப் பூட்டினாள். திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

சளி பிடிக்காமலிருக்கக் கொத்தமல்லி அவித்தாள். எனக்கும் தந்தாள்.

6.30. இதை எழுதுகையில் கரண்ட் போய்விட்டது. மண்ணெண்ணெய் இல்லை, அலுமாரியில் பூட்டிய இரண்டைத் தவிர வீட்டில் வேறு மெழுகுதிரியும் இல்லை. யன்னலடியில் கொஞ்ச வெளிச்சம், அதில் எழுதுகிறேன், வரி கோணுகிறது. தங்கம் முன்னால் கதிரையில் இருக்கிறாள், முகம் தெரியவில்லை. திறப்பு அவளிடம்தான். நான் கேட்கவில்லை. அவளும் எழும்பவில்லை.